ஊசி போட்ட கைக்கு வழக்கு வருமா?

சென்ற தவணையில் நமது கல்லூரி மண்டபத்தில் முதலுதவிப் பயிற்சி ஒன்று நடந்தது. தாதிய உத்தியோகத்தர் ஒருவர் பயிற்சியை நடத்தினார். சட்டம் பற்றி இரண்டு வார்த்தை சொல்வதற்காக, பழைய மாணவி என்ற உரிமையில், சட்டத்தரணியான என்னையும் அழைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து தேநீருக்கு எழும் நேரத்தில் உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கையை உயர்த்தினார்.

"மிஸ், தூள் அடிச்சு மயங்கிக் கிடக்கிற ஒராளுக்கு மாத்து மருந்து குடுத்து, அதுக்குப் பிறகும் அவர் மௌத்தாகிட்டா, மருந்து குடுத்தவர் மறியலுக்குப் போக வேணுமா?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், மஃரிபுக்குப் பிறகு, எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு மதிலோரம் இளைஞன் ஒருவன் விழுந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். உதடு நீலம் பாரித்திருந்தது. குறட்டை போல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றோம். "தொடாதீங்க, பொலிஸ் கேஸ் ஆகிடும்" என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு வசனம் எல்லோருடைய கைகளையும் கட்டிப்போட்டது. சட்டம் படித்த என்னுடைய கைகளையும்தான். யாரோ ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி வந்து தொலைபேசியை எடுக்கும்வரை, குறைந்தது பத்து நிமிடம் நாங்கள் வேடிக்கை பார்த்தோம். இளைஞன் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் இன்றும் எனக்குள்ளே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மாணவிக்கு மண்டபத்தில் அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே முழுதாக எழுத முயல்கிறேன்.

முதலில் மருந்தைப் பற்றி. ஹெரோயின், மோர்பின், கொடீன், டிரமடோல் முதலியவை எல்லாம் ஒரே குடும்பம். அபினில் இருந்தோ அபினைப் போலச் செய்யப்பட்டோ வருபவை. மூளையில் இவை போய் உட்காருவதற்கென்றே சில இடங்கள் உண்டு. அளவுக்கு மிஞ்சி உட்கார்ந்துவிட்டால், மூச்சு விடு என்று உடலுக்குக் கட்டளையிடும் பகுதி தூங்கிப்போகிறது. ஹெரோயின் மிகையாகி இறப்பவர் பெரும்பாலும் மூச்சு நின்றே இறக்கிறார். நாலொக்சோன் என்ற மருந்து அதே இடங்களில் போய் உட்காரும். ஆனால் மயக்கம் எதையும் தராது. கலியாண வீட்டில் தவறான ஆள் வந்து குந்தியிருக்கும் கதிரையில் இருந்து அவரை எழுப்பிவிட்டு, பேசாமல் அதில் உட்கார்ந்துகொள்ளும் பெரியவரைப் போல. இரத்த நாளத்தில் ஏற்றினால் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பத் தொடங்கும். உடலில் அபின் வகைப் போதை இல்லாத ஒருவருக்குத் தவறுதலாகக் கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடைசிச் செய்தி முக்கியம்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஜாக் ஃபிஷ்மன். 1961இல் மோசஸ் லெவன்ஸ்டீன் என்பவருடன் சேர்ந்து அமெரிக்காவில் இதற்கு உரிமம் கோரினார். 1971இல் மருந்துக்கு அங்கே அங்கீகாரம் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இருக்கிறது. 2003இல் ஃபிஷ்மனின் மனைவியின் மகன் ஹெரோயின் மிகையாகி இறந்துபோனார். மருந்தைக் கண்டுபிடித்தவரின் வீட்டுப் பிள்ளைக்கே அந்த மருந்து நேரத்துக்குக் கைக்கு எட்டவில்லை.

நம் நாட்டில் நாலொக்சோன் வைத்தியரின் பணிப்பின் பேரில் செலுத்தப்படும் ஊசி மருந்து. பெனடோல் போலக் கடையில் வாங்கி அலுமாரியில் வைக்கிற சாமான் அல்ல. ஆகவே நம் ஊரில் அந்த மருந்துக்கும் மதிலோரம் கிடப்பவனுக்கும் இடையில் இருப்பது ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு வண்டியும்தான். அந்த வண்டி 1990 சுவசெரிய. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 ஜூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் நடந்த விழாவோடு வடக்குக்கு வந்தது. அதே ஆண்டில் 18ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென ஒரு மன்றமும் அமைக்கப்பட்டது. (1990 என்ற இலக்கம் எங்கள் வீடுகளில் வேறொரு நினைவைக் கிளப்பும். அந்த ஆண்டு ஒக்டோபர் கடைசியில் கையில் அகப்பட்டதோடு வெளியேறிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. என் உம்மாவுக்கு இந்தத் தொலைபேசி இலக்கத்தை ஒரு தடவை சொன்னது போதும். மறக்கவே மாட்டார்.)

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். மருந்து கொடுத்தும் நோயாளி இறந்தால் கொடுத்தவர் குற்றவாளியா?

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். மெக்காலே பிரபுவின் கையில் உருவாகி 1860இல் இந்தியாவில் சட்டமான கோவையை முன்மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்டது. அந்த இந்தியக் கோவையின் 92ஆம் பிரிவுக்கு ஓர் உதாரணம் தரப்பட்டிருக்கிறது. குதிரையில் இருந்து விழுந்து ஒருவன் நினைவற்றுக் கிடக்கிறான். மண்டையோட்டைத் துளைத்துச் சிகிச்சை செய்யாவிட்டால் ஆபத்து என்பதை வைத்தியர் காண்கிறார். அவனிடம் சம்மதம் கேட்க வழியில்லை. கொல்லும் எண்ணமின்றி, அவனுடைய நன்மைக்காக, நன்னம்பிக்கையோடு துளைக்கிறார். அவர் செய்தது குற்றமல்ல. எங்கள் கோவையும் இதே கொள்கையை ஏற்றிருக்கிறது: சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு, அவரது நன்மைக்காக நன்னம்பிக்கையுடன் செய்த செயலால் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது. குதிரைக்குப் பதில் ஹெரோயினையும், துளைக்கும் கருவிக்குப் பதில் நாலொக்சோன் ஊசியையும் வைத்துப் பாருங்கள். அம்புலன்ஸில் வைத்தியரின் பணிப்புடன் கொடுத்தாலும், அவசர சிகிச்சைப் பிரிவில் கொடுத்தாலும் அளவுகோல் இதுதான்.

ஆனால் 'நன்னம்பிக்கை' என்ற சொல்லை நாம் நினைப்பதுபோல் சட்டம் நினைப்பதில்லை. "நான் நல்ல மனதோடுதான் செய்தேன்" என்பது மட்டும் போதாது. உரிய கவனமும் அவதானமும் இல்லாமல் செய்த எதையும் நன்னம்பிக்கையுடன் செய்ததாகக் கொள்ள முடியாது என்று கோவையே வரையறுக்கிறது. கவனம் இல்லாத இடத்தில் 298ஆம் பிரிவு காத்திருக்கிறது: அசட்டைத் துணிவாலோ கவனயீனத்தாலோ மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். வாகன விபத்து வழக்குகளில் நீதவான் நீதிமன்ற வாசலில் அடிக்கடி கேட்கும் பிரிவு இது. வைத்தியத் துறையினர் மீது குற்றவியல் வழக்குப் போடுவதற்குச் சாதாரண தவறு போதாது, பாரதூரமான கவனயீனம் வேண்டும் என்று இந்திய உயர் நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மத்தியூ வழக்கில் தீர்த்தது. அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் நியாயம் எனக்குச் சரியாகவே படுகிறது. கை நடுங்குகிற ஆளிடம் ஊசியைக் கொடுத்துவிட்டு, நடுங்கினால் சிறை என்று மிரட்டினால் நடுக்கம் கூடுமே தவிரக் குறையாது.

குற்றவியல் ஒருபுறம். நட்டஈட்டு வழக்கு இன்னொருபுறம். இங்கே ஆள்வது எங்களுக்கு ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம். பிரியாணி சொய்சா வழக்கைச் சட்டம் படிக்கிற எல்லா மாணவரும் படிப்பார்கள். நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு பெண்குழந்தையின் நோயைப் பிரபல குழந்தை வைத்தியப் பேராசிரியர் தவறாகக் கணித்தார் என்று தந்தை வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் தொகையைப் பெருமளவு குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. காரணத்தைக் கவனியுங்கள். குழந்தைக்கு இருந்தது மூளைத்தண்டில் வளர்ந்த, தீர்க்க முடியாத கட்டி. வைத்தியர் சரியாகக் கணித்திருந்தாலும் முடிவு மாறியிராது. அதனால் அவரது கவனயீனம்தான் மரணத்தை விளைவித்தது என்று நிறுவ முடியவில்லை. பிள்ளையை இழந்த துயரத்துக்கு அன்றைய சட்டத்தில் விலையும் இருக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தபின்தான், இன்னொருவரின் தவறால் உறவை இழந்தவர் அந்த இழப்புக்காகவும் நட்டஈடு கேட்க வழி பிறந்தது.

இதை நாலொக்சோனுக்குப் பொருத்தினால் இரண்டு கேள்விகள் கிடைக்கும். அந்தப் பயிற்சியுள்ள ஒருவர் அந்த இடத்தில், அந்த அவசரத்தில் நியாயமாகச் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா? செய்யவில்லை என்றால், மரணம் அதனால்தான் வந்ததா? 'ஆள் பிழைத்தானா' என்பது கேள்வியே அல்ல. மூளை ஏற்கெனவே பட்டுப்போன பிறகு வந்த ஊசியால் ஒருவர் எழவில்லை என்றால் ஊசி போட்டவர் பொறுப்பாளி ஆகமாட்டார். அப்படிப் பொறுப்பு ஏற்பட்டாலும், பணியாளர் தம் கடமையில் விட்ட தவறுக்கு அவரை வேலைக்கு அமர்த்திய நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். அரசு ஊழியரின் தவறுக்காக அரசின் மீதே வழக்குத் தொடரலாம் என்று 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பெற்றோருக்கு ஒன்று: இத்தகைய வழக்கைத் தொடுக்கப் பொதுவாக இரண்டே ஆண்டுதான் அவகாசம். பலர் கண்ணீர் காய்ந்து என்னிடம் வரும்போது மூன்றாவது ஆண்டு நடந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் இந்த மருந்தைக் கொடுப்பவர் உண்மையில் எங்கே சறுக்கக்கூடும்? தாதிய உத்தியோகத்தரிடம் தனியாகக் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கே வியப்பு. ஆபத்து ஊசி போடும் கணத்தில் இல்லை, போட்ட பிறகுதான் இருக்கிறது என்றார்.

நாலொக்சோனின் வேலை அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான் நிற்கும். போதைப்பொருள் அதைவிட நெடுநேரம் உடலில் தங்கியிருக்கலாம். கதிரையில் உட்கார்ந்த பெரியவர் எழுந்து போனதும் பழைய ஆள் மறுபடி வந்து குந்திவிடுவார். எழும்பி, பேசி, தண்ணீர் குடித்த இளைஞன் இரண்டு மணி நேரத்தில் தன் அறையில் தூக்கத்திலேயே போய்விடக்கூடும். இதைத் தெரிந்திருந்தும், "இப்ப நல்லா இருக்கிறான்" என்று விட்டுவிட்டுப் போகும் பணியாளர்தான் சட்டத்தின் முன் அதிகம் பதில் சொல்ல வேண்டியவர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீண்டநாள் பழக்கமுள்ளவருக்கு ஒரேயடியாக அதிகம் கொடுத்தால் போதை விலகும் வேதனை சடாரென்று வரும். வாந்தி, நடுக்கம், கோபம். "ஏன் எழுப்பினீங்க" என்று சண்டைக்கு வருவார். வைத்தியசாலைக்கு வரமாட்டேன் என்பார். சுயநினைவோடு இருக்கும் வயது வந்தவரைப் பலவந்தமாகச் சிகிச்சைக்கு இழுத்துச் செல்ல முடியாது. ஆனால் மருந்து இறங்கியவுடன் தள்ளாடிக்கொண்டு 'வேண்டாம்' என்பவர் உண்மையில் தெளிந்த நிலையில் இருக்கிறாரா? இங்கேதான் பணியாளரின் பொறுப்பு கூர்மையாகிறது. ஆபத்தை விளக்கினாரா, வீட்டாரிடம் சொன்னாரா, வைத்தியரிடம் கேட்டாரா, நடந்ததை நேரத்தோடு எழுதிவைத்தாரா? வழக்கு என்று வந்தால் அவரைக் காப்பாற்றுவது அந்தக் காகிதம்தான். காகிதம் பொய் சொல்லவும் கூடாது. மூச்சிழுப்பு நோயாளி ஒருவருக்கு அழைத்த அம்புலன்ஸ் இலண்டனில் நாற்பது நிமிடம் கழித்து வந்த வழக்கில், வந்துசேர்ந்த நேரம் பிழையாகக் குறிக்கப்பட்டிருந்ததும் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்புலன்ஸ் சேவையையே பொறுப்பாக்கியது. அழைப்பை ஏற்றபின், வருகிறோம் என்று சொன்னபின், அந்த நோயாளிக்கு அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

கடைசியாக, எல்லா மயக்கமும் ஹெரோயின் மயக்கம் அல்ல. ஐஸ், பிரெகபலின், தூக்க மாத்திரை ஆகியவற்றுக்கு நாலொக்சோன் மாற்று அல்ல. சீனி குறைந்து விழுந்த நீரிழிவு நோயாளியும் அப்படித்தான் கிடப்பார். 'தூள்காரன்' என்று முடிவுகட்டி மற்றதைப் பார்க்காமல் விடுவதும் கவனயீனமே. மறுபக்கத்தில், தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் இருந்து மோர்பின் மாத்திரையோடு வீடு வந்த மூத்தம்மாவுக்கும் அளவு மிஞ்சினால் இதே மூச்சுத்திணறல் வரலாம். அது எந்த வெட்கமும் இல்லாத வீடு. ஆனால் மருந்து அதேதான்.

நமது மார்க்கம் இந்த விடயத்தில் மௌனமாக இல்லை. ஓர் உயிரை வாழவைப்பதன் பெருமதியை ஸூரத்துல் மாஇதாவின் 32ஆம் வசனம் எவ்வளவு உயர்த்திச் சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது வேறொன்று. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத நிலையில் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் ஒரு ஹதீஸ் வந்திருக்கிறது. இதை இப்னுல் கையிம் தமது ஸாதுல் மஆதில் விரித்து, தகுதியோடும் அனுமதியோடும் முறைப்படி செய்த மருத்துவர் விளைவுக்குப் பொறுப்பல்ல, அறியாமல் கைவைத்தவர் பொறுப்பு என்று வகைபிரிக்கிறார். வெள்ளைக்காரன் கோவை எழுதுவதற்குச் சுமார் ஐநூறு ஆண்டுகளுக்கு முந்திய எழுத்து இது. நன்னம்பிக்கைக்குள் கவனமும் அடங்கும் என்று நான் மேலே எழுதியதும் இதுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு இப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

ஆகவே ஊசி போடுபவருக்குச் சட்டம் போதுமான நிழல் தந்திருக்கிறது. நிழல் கிடைக்காத ஒருவர் இருக்கிறார். மயங்கியவனின் கூட்டாளி. அவன் பையிலும் ஒரு சிறு பொட்டலம் இருக்கலாம். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். 1984இலும் 2022இலும் திருத்தங்கள் வந்து தண்டனை மேலும் கடுமையாகியது. அவன் தொலைபேசியை எடுத்தால் பொலிஸும் வருமோ என்று பயந்து ஓடுகிறான். உயிர் போவது அந்த ஓட்டத்தில்தான். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007இல், மிகையான போதையால் விழுந்தவருக்காக உதவி அழைப்பவர் மீது, அழைத்ததால் வெளிப்பட்ட சிறு அளவு வைத்திருத்தலுக்காக வழக்கில்லை என்று சட்டம் செய்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பிரித்தானியாவில் உயிரைக் காப்பதற்காக நாலொக்சோனை எவரும் செலுத்தலாம் என்று 2005 முதல் விதியுண்டு. இந்தியாவில் வீதி விபத்தில் உதவுபவருக்கு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பாதுகாப்பு எழுதப்பட்டது. எங்கள் 1929 கட்டளைச்சட்டத்தில் அழைப்பவருக்கு அப்படி ஒரு விலக்கு இல்லை. வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் போதைக்காரருக்குப் பரிந்து பேசுவதாகச் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். மையித்தைத் திருத்தி நல்வழிப்படுத்த யாராலும் முடியாது.

அதுவரை, பையில் ஒன்றும் இல்லாத நாம் எதற்குப் பயப்பட வேண்டும்? மயங்கியவருக்காக 1990ஐ அழைப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமல்ல. பொலிஸார் பின்னர் கண்டதைக் கேட்டால், கண்டதைச் சொல்வது சாட்சியமே தவிரக் குற்ற ஒப்புதல் அல்ல. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறதா, மூச்சு எத்தனை விநாடிக்கு ஒருமுறை வருகிறது, பக்கத்தில் ஊசியோ மாத்திரை அட்டையோ கிடக்கிறதா என்பதை அழைப்பிலேயே சொல்லுங்கள். மூச்சு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள், வாந்தி தொண்டையை அடைக்காது. வாயில் தேசிக்காய்ப் புளி பிழிவதும் முகத்தில் வாளித் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். மூச்சு நின்றிருந்தால், மறுமுனையில் இருப்பவர் சொல்லிக்கொடுப்பதைச் செய்யுங்கள். தெரியாததைத் துணிந்து செய்யாதீர்கள். எழும்பினாலும் தனியே விடாதீர்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த மாணவி இன்னொன்று கேட்டார். "அப்ப நாங்க எல்லாரும் பக்கத்தில நிக்கிறதுதானா மிஸ்?"

இல்லை, ஒருவர் ஒழுங்கை முனைக்குப் போக வேண்டும் என்றேன். எங்கள் ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அன்றிரவு எங்களில் ஒருவரும் முனைக்குப் போகவில்லை. அம்புலன்ஸ் முதலில் எங்களைத் தாண்டி நேரே போய், பள்ளிவாசலடியில் திரும்பி, மறுபடி வந்தது.